விருந்தாளி

"மண்ணு ஈரம் காயறதுக்குள்ள சொத்துப் பேச்சை எடுக்கிறவ மகளே இல்லக்கா. முதல் ஆண்டு நினைவு விருந்து முடியட்டும். அதுக்கு முன்னாடி நோட்டரிகிட்ட ஓடினா ஊரே காறித் துப்பும்."

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று தம்பி தாலாந்த் இப்படிச் சொன்னான். ஐசிரெக்குக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் டயர் விற்றுக்கொண்டு, பெருநாளைக்கு மட்டும் தலைகாட்டும் பயலுக்கு இவ்வளவு மரியாதை தெரியுமா!

"நான் எங்கடா ஓடப் போறேன்?" என்றாள்.

அவள் எங்கே ஓடுவாள்? கணவன் கைவிட்ட பிறகு சொந்த ஊரான பாத்கெனில் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தாள். படுக்கையில் விழுந்த அப்பாவையும் முழங்கால் வலிக்கார அம்மாவையும் பார்த்துக்கொண்டதும், ஆப்ரிகாட் மரங்களைக் கழித்துவிட்டதும், வாய்க்கால் முறை வரும்போது மண்வெட்டியோடு நின்றதும் அவள்தான். ஓராண்டு நினைவு விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்க அவளுடைய பசுதான் விலை போனது. ஊரே வயிறாரச் சாப்பிட்டுப் போயிற்று.

மறுநாள் காலையில் இரண்டு பேர் தோட்டத்தில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"யாருங்க நீங்க?"

"தோட்டத்தை வாங்கப் போறவங்க. உங்க தம்பி சொல்லலியா?"

விருந்துக்கு வந்திருந்த தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஐசிரெக் விழுந்தடித்துக்கொண்டு நோட்டரியிடம் போனாள். அந்த அம்மாள் கணினியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வாரிசுங்க ஆறு மாசத்துக்குள்ள வந்து, சொத்தை ஏத்துக்கிறோம்னு எழுதிக் கொடுக்கணும்மா. உங்க தம்பி நாற்பதாம் நாள் சடங்கு முடிஞ்ச கையோட வந்துட்டார். உங்கம்மாவும் வந்து தன் பங்கை அவருக்கு விட்டுக் கொடுத்துட்டாங்க."

ஓடக் கூடாது என்று சொன்னவனே ஓடியிருக்கிறான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். ஐசிரெக் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க. அந்த வீட்டுலயே இருந்து சொத்தைப் பராமரிச்சிருந்தா, நீங்களும் ஏத்துக்கிட்ட மாதிரிதான். கோர்ட்டுல நிரூபிக்கணும். சாட்சி இருக்கா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள், உங்கள் குடும்ப விஷயம் என்று நழுவினார்கள். மிச்சம் அம்மா ஒருத்திதான். கையெழுத்துப் போட்டவள்தான், ஆனாலும் பெற்றவள். ஐசிரெக் அவளுடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சாட்சி சொல்ல வரும்படி கேட்டாள்.

"தாலாந்த் காட்டின இடத்துல போட்டேன்டி. எனக்கென்ன தெரியும்? கோர்ட்டுல கண்ணால பாத்ததைச் சொல்ல மாட்டேனா?" என்றாள் அம்மா.

நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டார். "உங்க மக இந்த வீட்டுலதான் இருந்தாங்களா?"

"இருந்தா. விருந்தாளியா இருந்தா. பொண்ணுன்னா விருந்தாளிதானுங்களே."

"தோட்டத்தை யார் பாத்துக்கிட்டது?"

"என் மகன் ஆள் வச்சுப் பாத்தான்."

பச்சைப் பொய். தம்பி செய்தது வயிற்றெரிச்சல். இதுவோ பெற்ற வயிறே செய்தது. வழக்கு தள்ளுபடியானது.

வெளியே மழைச் சேறு. உள்ளே சேறாகாமல் இருக்கக் கழற்றி விட்ட ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில், வாசல் பெஞ்சில் அம்மா காலுறையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கோவப்படாதடி. வீடு கடைசிப் பிள்ளைக்குத்தானே நம்ம பக்கம். சாகுறப்ப நான் அவன் நிழல்லதானே கிடக்கணும்?" என்றாள். பிறகு, எப்போதும் போல் காலை நீட்டினாள். "ரப்பர் செருப்பை மாட்டி விடு. வீட்டுக்குப் போய் சூடா டீ போடு."

பழக்க தோஷம், ஐசிரெக் குனிந்துவிட்டாள். ஒரு செருப்பை மாட்டியும் விட்டாள். இன்னொன்றைக் கையில் எடுத்தவள், அதை அப்படியே பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"விருந்தாளிகிட்ட வேலை வாங்குற வழக்கம் நம்ம பக்கம் இல்லியேம்மா."

அவள் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். அம்மா தாலாந்தைக் கூப்பிட்டாள். அவன் காருக்குப் பக்கத்தில் தோட்டம் வாங்குபவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே, கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினான். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.