கல் செதுக்கிய பிறகு

எங்கள் மரவாடியில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா பெயரில் தர்மம் செய்வதென்றால் முதலில் பெயர்க்கல் செதுக்குவோம், பிறகுதான் பொருள் போகும். கல் செதுக்கியபின் சொல் மாறக் கூடாது. இந்த முறை பள்ளிக்கூடத்துக்கு என்று செதுக்கியிருந்தோம். கூரைத் தகடும் உத்தரமும் லாரியில் ஏறிவிட்டன. லாரிக்கு வழிகாட்டிப் போகப் பள்ளியின் தலைமையாசிரியரே வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்தாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ், சீருடையைக்கூட மாற்றவில்லை.

"அண்ணே, இல்லத்துல படுக்கை அறை உத்தரம் வளைஞ்சு நிக்குது. ஒரு மழை பேஞ்சா தலையில இறங்கிடும்."

"வேற அறைக்கு மாத்து."

"வேற அறை இருந்தா உன் முகத்துல வந்து முழிப்பேனா?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தலைமையாசிரியர் லாரியின் கதவை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"ஐயா, திங்கட்கிழமை அதிகாரி வர்றாரு. கூரை இல்லேன்னா அனுமதி போயிடும். பிள்ளைங்க தெருவுலதான்."

அவர் பொய் பேசுகிறவர் அல்ல. டிரைவரைப் பார்த்தேன்.

"இன்னொரு லோடு தேறுமா?"

"மிச்ச மரம் காயல முதலாளி. ஈரத்தோட போட்டா அதுவும் வளையும்."

"கல்லு செதுக்கியாச்சு" என்றேன் தங்கையிடம்.

"அப்ப அதையே தலைக்கு மேல பிடிச்சுக்கச் சொல்லவா அவங்கள?"

வேலையாட்கள் முன்னால் அப்படிக் கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் கண் வானத்துக்குத்தான் போனது.

மழையிடம் தவணை கேட்க முடியாது. அதிகாரியிடம் கேட்கலாம். அவர் மறுத்துவிட்டால் பள்ளிக்கூடம் என்னால் போகும். கேட்பதும் நானாகத்தான் இருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தவன் நான். எங்கள் வீட்டில் எவரும் மனுவோடு எந்த அலுவலக வாசலிலும் நின்றதில்லை.

"லாரியை இல்லத்துக்கு விடு."

தலைமையாசிரியரின் முகம் வெளுத்தது. "ஐயா, வாக்கு..."

"வாக்கு இருக்கு. மரம் காஞ்சதும் வரும். அதுவரைக்கும் தவணை குடுங்கன்னு அதிகாரிகிட்ட நான் கேக்கறேன். வாங்க."

"நீயா? கேக்கப் போறியா?" என்றாள் தங்கை. சிரிக்கவில்லை.

அதிகாரியின் அலுவலகத்தில் பியூனுக்கு என்னைத் தெரியவில்லை. பெஞ்சின் கடைசியில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தோம். தலைமையாசிரியர் மனு எழுதினார். சிறிது நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் மழை அறையத் தொடங்கியது. லாரி போய்ச் சேர்ந்ததா, உத்தரத்துக்கு முட்டாவது கொடுத்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. தங்கை போனை எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

"அடுத்த ஆளு!"

தலைமையாசிரியர் மனுவோடு எழுந்தார். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.