உப்புத் தடம்

மனோஜ் நாக்பூரிலிருந்து வந்து சேர இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது. அவனுடைய கறுப்பு மோட்டார் சைக்கிளோ, வயலில் புரண்டு எழுந்த எருமை மாதிரி சேறும் சகதியுமாக நின்றது.

கிருஷ்ணப்ரியா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள். சிரிப்புத்தான் வந்தது. கல்லூரி நாட்களில் கோயம்புத்தூரில் அப்பாவின் வண்டியை ஓட்டியவள் அவள். கல்யாணமான நான்கு வருடங்களில் மனோஜின் வண்டியைத் தொட்டதில்லை. "உனக்கு வெயிட்டு தாங்காது ப்ரியா, சாஞ்சா தூக்க முடியாது" என்பான். அதட்டிச் சொல்ல மாட்டான், அக்கறையாகத்தான் சொல்வான். அதனாலேயே எதிர்த்துப் பேச முடியாமல் போயிற்று. ஆபீஸ் வேலையாக அவன் ஒரு வாரம் வெளியூர் போன சமயத்தில் ஜூன் மழை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கடக்வாஸ்லா வரை தனியாகப் போய், அணைக்கரையில் நின்று ஒரு சுட்ட சோளம் தின்றுவிட்டு வந்திருந்தாள். அவ்வளவுதான் குற்றம். வரும் வழியில் தோண்டிப் போட்ட சாலை மட்டும் இல்லாமலிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

புணேயின் கோந்த்வாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் வண்டிகளைக் கழுவுவது மங்கல்தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்து வண்டிகள் அவள் கையில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர மாட்டாள்.

அவள் கழுவுவதைக் கிருஷ்ணப்ரியா எத்தனையோ காலைகளில் காப்பி டம்ளரோடு பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறாள். வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். எஞ்சின் ஆறிவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பாள். முதலில் துணி படாமல் வெறும் தண்ணீரை ஊற்றிச் சேற்றை ஊற விடுவாள். பிறகு ஷாம்பூ நுரையால் மேலிருந்து கீழே. கடைசி வாளிக்கு மட்டும் போர் தண்ணீர் வேண்டாமென்று, பின்பக்கத்து கார்ப்பரேஷன் குழாய்க்கு நடந்து போய்ப் பிடித்து வருவாள். ஒரு சொட்டுக்கூடத் தானாகக் காய விடாமல் மெத்தென்ற துணியை டேங்கின் மேல் விரித்து ஒரே இழுப்பாக இழுத்து ஒற்றி எடுப்பாள். கண்ணாடியின் கழுத்தைத் தட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரையும் உதறிவிடுவாள். எல்லாம் பார்த்ததுதான். எதற்காக என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று கிருஷ்ணப்ரியா செய்ததெல்லாம் அதற்கு நேர்மாறு. கேட் பக்கத்தில் தோட்டத்துக் குழாய் இருந்ததால் வண்டியை அங்கேயே, சுள்ளென்று அடித்த பதினொரு மணி வெயிலில் நிறுத்தினாள். சூடு ஆறாத வண்டி மேல் போர் தண்ணீரைப் பீய்ச்சினாள். சேறெல்லாம் போய் வண்டி பளபளவென்று நின்றபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே மேலே போய்க் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அரை மணி கழித்து இறங்கினாள்.

கறுப்பு டேங்க் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். சோழி சோழியாக உப்பு பூத்திருந்தது.

ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை. காய்ந்ததும் மறுபடி தெரிந்தது. அவளுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. குளியலறைக் குழாயில் படியும் உப்புக்கறையை எடுக்க வாங்கி வைத்திருந்த திரவம் நினைவுக்கு வந்தது. அதையும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் எடுத்து வந்து தேய்த்தாள். வட்டங்கள் போயின. கூடவே டேங்கின் மினுமினுப்பும் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் கரும்பலகை மாதிரி மங்கிப்போய், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

வண்டிக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். இரவு அவன் களைத்து வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். திங்கட்கிழமை காலையில் கீழே போனவன் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"ப்ரியா, டேங்க்ல யாரு கை வெச்சது?"

அந்தக் குரலில் கோபத்தைவிட வலி அதிகமிருந்தது. அதுதான் அவளைக் கவிழ்த்தது.

"சனிக்கிழம மங்கல்தாயி கழுவுனாங்க" என்றாள். அது பொய் இல்லை. சனிக்கிழமை அவள் கழுவியிருந்தாள்.

"என்னத்தப் போட்டா?"

"தெரியலீங்க. ஏதோ ஆசிட் மாதிரி வெச்சிருந்தாங்க."

இது பொய். எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மனோஜ் டேங்கைப் படம் பிடித்துக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சாயங்காலத்துக்குள் அந்தப் படத்தின் கீழே புகார்கள் வரிசை கட்டி நின்றன. என் காரிலும் போன மாதம் ஒரு கீறல், இவளாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். வைப்பர் காணாமல் போனது, இப்போதுதான் புரிகிறது என்றார் இன்னொருவர். ஒரு பொய் பத்து பேர் கையில் கிடைத்து வளர்வதைக் கிருஷ்ணப்ரியா போனில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, கட்டடத்தின் செக்ரட்டரி பட்டாபிராமன் மங்கல்தாயியைக் கேட்டிலேயே நிறுத்தினார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகப் புணேவாசி. அவர் மராத்தியில் என்ன சொன்னார் என்று பால்கனிக்குக் கேட்கவில்லை. மங்கல்தாயி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னதும், பிறகு பேச்சை நிறுத்தியதும் தெரிந்தது. அவள் பார்க்கிங்குக்குள் வந்து தன் இரண்டு வாளிகளையும் கொடியில் காய்ந்த துணிகளையும் எடுத்துக்கொண்டாள். போகும்போது ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். கிருஷ்ணப்ரியா சட்டென்று உள்ளே நகர்ந்துவிட்டாள்.

அதன் பிறகு பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கராடிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் வழக்காடுவாள். வாட்ச்மேனிடம் விசாரித்ததில், மங்கல்தாயி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள் என்று தெரிந்தது. வேறு வேலை கிடைத்துவிட்டதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டாள். அந்த ஆறுதல் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பதினோராவது நாள் ராத்திரி சாப்பாட்டின்போது மனோஜ் சொன்னான். "நல்லவேளை, அவளை நிறுத்துனாங்க. வைப்பரையே திருடறவ, நாளைக்கு வீட்டுக்குள்ள வந்தா?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டேங்க்கைக் கெடுத்தது நானுங்க."

சொன்ன பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கடக்வாஸ்லா, சோளம், சேறு, பச்சை நார் எல்லாவற்றையும்.

"வண்டிய எடுத்ததச் சொல்லியிருந்தா கொன்னா போட்டிருப்பேன்?"

"கொன்னிருக்க மாட்டீங்க. அப்புறம் சாவிய ஆணியில மாட்டியிருக்க மாட்டீங்க."

மனோஜ் தன் தட்டை ஓரமாக நகர்த்தினான். "சரி, குரூப்ல எதுவும் போடாத. போட்டோ போட்டவன் நான், எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. அவளுக்கு ஏதாச்சும் கொடுத்துரலாம்" என்றான்.

"கொடுத்தா அவங்க திருடி இல்லைன்னு ஆயிருமா?"

அவள் எழுந்து போய், அதே படத்தின் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள். இதைச் செய்தது நான். மங்கல் மேல் பழி போட்டது என் பொய். வைப்பரும் கீறலும் என் பொய்யைக் கேட்டுவிட்டு உங்களுக்குத் தோன்றியவை. மன்னித்துவிடுங்கள். அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காலையில் பட்டாபிராமன் லிஃப்ட் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? நான்னா அவளை நாலு பேர் முன்னாடி போன்னு அனுப்பிச்சேன்? இப்போ எந்த முகத்தை வெச்சுண்டு கூப்பிடறது?"

"முதல்ல நான் போய்ப் பேசறேனுங்க சார்."

மண்டபத்தின் பின்புறம் ஆள் உயர அலுமினியப் பாத்திரங்களுக்கு நடுவில் மங்கல்தாயி உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணப்ரியாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். கிருஷ்ணப்ரியா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் மங்கல்தாயியின் கை நின்றது.

"ஆசிட் போட்டேன்னு சொன்னாங்க மேடம்" என்றாள் அவள், ஹிந்தியும் மராத்தியும் கலந்து. "பதினோரு வருஷத்துல ஒரு வண்டிய நான் வெயில்ல வெச்சுக் கழுவினதில்ல. ஒரு சொட்டு தானா காய விட்டதில்ல."

"தெரியும் தாயி."

"தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

கிருஷ்ணப்ரியாவுக்கு அழுகை முட்டியது. இங்கே நின்று அழுதால் இவள் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும் என்று நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"ஆமாம்" என்றாள்.

மங்கல்தாயி கையை உதறிவிட்டு முந்தானையில் துடைத்தாள். "திரும்பி வர்றேன். எனக்கும் இந்தக் கரி வேலை ஆகாது, முதுகு போகுது. ஆனா நீங்க கூப்பிட்டு வர மாட்டேன். கேட்ல நிறுத்தினவர் கேட்ல வந்து நின்னு கூப்பிடட்டும்."

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பட்டாபிராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார். நாலு பேர் பார்க்க அவளிடம் தவறு நடந்துவிட்டது என்று மராத்தியில் சொன்னார். கிருஷ்ணப்ரியா இந்தத் தடவை பால்கனியில் இல்லை. கீழே அவர் பக்கத்தில் நின்றாள். மங்கல்தாயி தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அவள் வண்டி கழுவி வந்த ஒன்பது வீடுகளில் மூன்று வீடு இதற்குள் வேறு ஏற்பாடு செய்துகொண்டுவிட்டன. அந்த மூன்று போனது போனதுதான். வைப்பர்காரர் மங்கல்தாயியை இன்னமும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். மனோஜ் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "சனிக்கிழம வண்டி உனக்கு வேணுமா?" என்று வேறு எங்கோ பார்த்தபடி கேட்டான்.

மங்கல்தாயி மற்ற வண்டிகளைக் கழுவும்போது அந்தக் கறுப்பு வண்டியைத் தாண்டிப் போய்விடுவாள். ஒரு மாதம் பொறுத்துக் கிருஷ்ணப்ரியா கேட்டே விட்டாள்.

"எங்க வண்டியையும் பார்த்துக்கறீங்களா தாயி?"

"வேண்டாம் மேடம்." குரலில் கோபமே இல்லை. "நாளைக்கு அதுல ஒரு தடம் விழுந்தா, யார் பேர் முதல்ல வரும்?"

கிருஷ்ணப்ரியா தலையாட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே எழுந்து, வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பின்பக்கத்து கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் சன்னமாகத்தான் வந்தது. வாளி நிறைய வெகுநேரம் ஆயிற்று.