அண்ணியின் அரைக் கண்ணாடி

முட்டைப் பண்ணை அண்ணி புதுசாக ஒரு வண்டி வாங்கினாள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பின்னால் சரக்குத் தொட்டி. கூரை, கதவு, கண்ணாடி எதுவும் கிடையாது. கட்டிலுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். அடுத்த பண்ணைக் கொழுந்தன் சும்மா இருப்பானா? அதே வண்டியை அவனும் வாங்கினான்.

பேக்கரிக்காரர் இருவரிடமும் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை முட்டை கொண்டாங்க. யாரோடது உடையாம, சுத்தமா வருதோ, வருஷம் பூரா அவங்ககிட்டதான் வாங்குவேன்."

பேக்கரிக்குப் போகும் மண்பாதையில் ஒரு தும்மல் போட்டால் பக்கத்து ஊர் மறைந்துவிடும், அவ்வளவு புழுதி. கொழுந்தன் கம்பெனிக் கடைக்கே போய், முன்னால் ஆளுயரத்துக்கு முழுக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். அந்த விலைக்கு இன்னொரு கொழுந்தனையே வாங்கலாம்.

"அண்ணி, காசைப் பாத்தா காரியம் நடக்காது!" என்று ஹாரன் வேறு அடித்துக் காட்டினான்.

அண்ணி உதிரிபாகக் கடையில் தேடித் தேடி, மார்பளவு உயரமுள்ள அரைக் கண்ணாடியை எடுத்தாள்.

கடைக்காரர் பதறினார். "அக்கா, மூஞ்சியில காத்து அறையும்."

"அறையட்டும் தம்பி. கோழி ஷெட்ல முன்படுதாவை முழுசா இறக்கினா, தூசி பின்பக்கமா சுத்திக்கிட்டு உள்ளே வரும். பாதி இறக்கினா காத்து அதை அடிச்சிக்கிட்டுப் போயிடும். வண்டிக்கு மட்டும் வேற காத்தா?"

மிச்சக் காசில் தொட்டிக்கு ஒரு ரப்பர் விரிப்பும், முட்டைத் தட்டுகளை இறுக்க இரண்டு பட்டையும் வாங்கினாள்.

திங்கட்கிழமை. முதலில் வந்தவன் கொழுந்தன்தான். வண்டியிலிருந்து இறங்கியது மனிதனா மண்சிலையா என்று பேக்கரி நாய்க்கே சந்தேகம். முன்னால் கண்ணாடி பளபளத்தது. பின்வழியாக நுழைந்த புழுதியோ அவன் காதுக்குள், தட்டுக்குள், முட்டைமேல் எல்லாம் குடியேறியிருந்தது.

"முட்டைதானேப்பா கேட்டேன், மாவு கேட்டேனா?" என்றார் பேக்கரிக்காரர்.

பின்னாலேயே அண்ணி வந்தாள். தலைமுடி குருவிக்கூடாகப் பறந்திருந்தது. பேக்கரிக்காரர் ஒரு முட்டையைத் தடவி விரலைப் பார்த்தார். சுத்தம். எல்லாத் தட்டையும் எண்ணிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது.

"நாளையிலிருந்து தினமும் கொண்டாங்கம்மா."

கொழுந்தன் இமைப் புழுதியைத் தட்டிவிட்டு, பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "அண்ணி, அந்தக் கண்ணாடி எந்தக் கடை?"

"கடை எதுக்கு? உன்னோடதைக் கொண்டா, குறுக்கே அறுத்துத் தர்றேன். மேல் பாதி என் ஷெட்டுக்கு ஜன்னல்!"

ராஜபவனி போல ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பினாள்.