உப்பைக் கொட்டாத வீடு

செஞ்சிக்கு வருகிறவன் மலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தால்தான் மலை கரைந்து உள்ளே கிடப்பது தெரியும். அதில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது.

அறுபத்தாறாம் வருஷம் என் சின்ன மகள் கமலாம்பாளைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, பின்வாங்க முடியாது. முன்னே வந்த ஒரு இடம் கை நனைக்காமலே எழுந்து போயிருந்தது. அதனால் என் பெண்சாதி ரத்தினம்மாளுக்குச் சாம்பார்தான் கவலை.

மூத்த மருமகன் அரங்கநாதனுக்குப் பட்டணத்துக் கல்லூரியில் வேலை. ரசாயனம் சொல்லிக்கொடுப்பதாக அவர் சொல்வார். கண்ணாடிக் குழாய் கழுவுவதாக நான் சொல்வேன். அவர் ஒரு தகர உருளையில் பச்சை மணலைப் போட்டுக் கொண்டுவந்தார்.

“இது சும்மா மணல் இல்ல மாமா. ஒவ்வொரு பொடியும் ஒரு பளிங்கு. உள்ள கண்ணுக்குத் தெரியாத பொந்தா இருக்கும். பொந்துல சோடியம்னு ஒண்ணு ஒட்டிக்கினு உக்காந்திருக்குது.”

“கண்ணுக்குத் தெரியாததுல உக்காந்திருக்கிறத நீங்க எப்டி பாத்தீங்க?”

“அவலூர்பேட்டை பஸ்ஸுன்னு வெச்சுக்குங்க. சோடியம் ஏழை, ஒத்த சீட்டு. பருப்ப வேகவுடாத கால்சியம் தண்ணியில வர்ற பெரிய மனுஷன், துண்டு போட்டு ரெண்டு சீட்டு புடிப்பான். அவன் ஏறுனா ரெண்டு ஏழை எழுந்துக்கணும். பெரிய மனுஷன் பொந்துல மாட்டிக்குவான், தண்ணி நல்லாயிடும்.”

“பஸ்ஸு பூரா பெரிய மனுஷனா ரொம்பிட்டா?”

“உப்பைக் கரைச்சு ஊத்தணும். உப்புலயும் சோடியந்தான். ஏழைங்க கும்பலா ஏறி நெருக்குனா பெரிய மனுஷன் எறங்கிடுவான்.”

எங்கள் ஊர் பஸ்ஸில் அப்படி யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. கல்லுக்குள் மட்டும் நியாயம் நடக்கிறதாக்கும் என்றேன். ஆனால் அந்தத் தகரம் வழியாக வந்த தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வெந்தது. ரத்தினம்மாள் உருளைக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில், பஸ் ரொம்பிவிட்டதென்று அரங்கநாதன் உருளையில் உப்புத் தண்ணீரை ஊற்றினார். “அத்தை, இதுல வர்ற தண்ணிய கீழ கொட்டிடுங்க. அப்புறம் வர்றதுதான் சமையலுக்கு” என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

உப்பைக் கொட்டுவதாம். எங்கள் வீட்டில் உப்புதான் மகாலட்சுமி. ஒரு கல் சிந்தினாலும் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் ரத்தினம்மாள். பெண் பார்க்க வருகிற நாளில் லட்சுமியைச் சாக்கடையில் விடுவாளா? வந்த தண்ணீரை அண்டாவில் பிடித்தாள். அதே தகரத்தில் வந்தது, உப்பும் போட்டாயிற்று என்று பருப்பை அதிலேயே வேகவைத்தாள்.

விறகுதான் தீர்ந்தது. பருப்பு போட்டபடியே கிடந்தது. மத்தால் கடைந்தால் துள்ளியது. சாமிக்குப் படைக்காமல் ருசி பார்க்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை. சாமி ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்களும் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் இலையில் உட்கார்ந்தார்கள், பரிமாறிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா பச்சமுத்து ஒரு வாய் வைத்தார். வைத்ததை இலையிலேயே துப்பினார்.

“இன்னாய்யா இது, சாம்பாரா, பேதி மருந்தா? கசக்குது. பருப்பு ஈயக்குண்டாட்டம் இருக்குது.”

அரங்கநாதன் அடுப்படிக்கு ஓடி அண்டாவைப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் செத்திருந்தது. “மாமா, எறங்குன பெரிய மனுஷனுங்க மொத்தமும் அந்த அண்டாலதான் இருக்குறாங்க” என்றார்.

“எந்தப் பெரிய மனுஷன்?” என்று எழுந்தார் பச்சமுத்து. “யாரை ஜாடை பேசறான் உம் மருமவன்? முழுங்கல, துப்பிட்டேன். கை நனைச்ச கணக்கு இல்ல. எல்லாரும் எழுந்திருங்க.”

“கை நனைஞ்சுதா இல்லியா, கையப் பாத்துச் சொல்லுங்க” என்றேன்.

“வவுத்துக்குப் போனாத்தான்யா கணக்கு.”

அவரோடு வந்தவர்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளை பெரியதம்பி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. கடக் கடக்கென்று மெல்லுகிற சத்தம் கேட்டது. அவன் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

“டேய், இன்னாடா பண்ற?”

“பசிக்குது நைனா. காலைலேருந்து ஒண்ணும் சாப்டல.”

“துப்புடா.”

“வவுத்துக்குப் போயிடுச்சே” என்றான். பிறகு ரத்தினம்மாளைப் பார்த்து, “கொஞ்சம் மோர் ஊத்துங்க அத்தை.”

அத்தை என்று வேறு சொல்லிவிட்டான். பச்சமுத்து மகனைப் பார்த்தார், காலி இலையைப் பார்த்தார், உட்கார்ந்தார். அவர் விதித்த சட்டம், அவர் வீட்டு வயிறு. நான் தாம்பூலத் தட்டை எடுத்துவரச் சொன்னேன்.

உள்ளே ரத்தினம்மாள் அழுதுகொண்டிருந்தாள். “அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லாம தின்னுச்சேடி” என்றாள் மகளிடம்.

கமலாம்பாள் கதவிடுக்கில் நின்று அவன் மோர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாக்கு இல்லாத ஆளா இருந்தா நல்லதுதாம்மா. தண்ணி எடுத்தாறச் சொன்னாலும் ஒண்ணும் சொல்லாம போவும்.”