ஒட்டாமல் வைத்த நோட்டீஸ்

கதவில் பசையை இழுத்துத் தடவி, தாளை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் நீவிவிடுவதில் பசைக்காரரை அடித்துக்கொள்ள அந்த நகராட்சி அலுவலகத்தில் ஆளில்லை. இருபத்தாறு வருஷ வேலை. ஒட்டியதும் செல்போனில் ஒரு போட்டோ, அப்புறம் அடுத்த கதவு. தாளில் என்ன இருக்கிறதென்று மட்டும் படிக்கவே மாட்டார். படித்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், கை ஓடாது.

அன்று காலை நோட்டீஸ் கட்டைப் பிரித்து அடுக்கும்போது தங்கச்சி வீட்டு எண் கண்ணில் பட்டது. அதை மட்டும் படித்தார். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம்; அந்தத் தெருவில் முனை வீடான அவளுடையது மட்டும் மாட்டியிருந்தது. பதினைந்து நாளுக்குள் பத்திரத்தோடு ஆட்சேபனை எழுதித் தராவிட்டால் வீடு போய்விடும்.

இரண்டே அறை. முன்னறையில் தங்கச்சியின் தையல் மெஷின், பின்னறையில் எழுந்து நடமாட முடியாத மாப்பிள்ளை. பத்திரமோ செத்துப்போன அவள் மாமனார் பேரில். அதை மாற்றி வாங்க ஒரு மாசமாவது பிடிக்கும்.

பசைக்காரருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. கதவில் ஒட்டிய நாளிலிருந்துதான் நாள் கணக்கு. ஒட்டாத வரை அது வெறும் காகிதம். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனார்.

"பத்திரத்தை உன் பேருக்கு மாத்துற வேலையைப் பாரும்மா. நாளைக்கே போ."

"என்னண்ணா திடீர்னு?"

"சும்மாதான் சொல்றேன். போயேன்."

விஷயத்தைச் சொன்னால் அவள் அக்கம்பக்கத்தில் அழுது தீர்ப்பாள், அலுவலகம் வரை எட்டிவிடும், தன் வேலைக்கே உலை வைக்கும் என்று பயம். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதவின் போட்டோ எங்கே என்று எவனாவது கேட்டுவிட்டால்? யாராவது "யோவ்" என்று கூப்பிட்டாலே முதுகு வேர்த்தது. ஆனால் ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் பொறுக்கமாட்டாமல் குமாஸ்தாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"சார், ஒரு கதவுல ஒட்ட விட்டுப்போச்சுன்னு வைங்க..."

"ஒட்டினா என்ன, ஒட்டாட்டி என்ன?" குமாஸ்தா தலையைத் தூக்காமலே சிரித்தார். "இப்பல்லாம் இணையதளத்துல ஏத்தின தேதியிலேருந்துதான் நாள் கணக்கு. புது விதி வந்து ரெண்டு மாசமாச்சு. தெருத்தெருவா அந்த அறிவிப்பை ஒட்டினதே நீதானேய்யா!"

பசைக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப அந்தப் பதினஞ்சு நாள்?"

"முடிஞ்சு மூணு நாளாச்சு."

"இப்ப எழுதிக் குடுத்தா?"

"கம்ப்யூட்டர் வாங்காதுப்பா." குமாஸ்தா புதுக் கட்டொன்றை நகர்த்தினார். "காலி பண்ணச் சொல்லி உத்தரவு. இன்னிக்கே ஒட்டிடு. இதுக்கு வீட்டு ஆளுங்களும் போட்டோல நிக்கணும், ஞாபகம் வச்சுக்கோ."

மற்ற கதவுகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்தார். அடப் பாவி, நீயே கெடுத்தாயே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். மெஷின் சத்தம் நின்றது. தங்கச்சி ஓடி வந்தாள்.

"அண்ணா, பத்திரம் அடுத்த வாரம் கைக்கு வந்துடுமாம்! நல்லவேளை, நீ அன்னிக்கே விரட்டினே. இனிமே எவன் வந்து கேட்டாலும் எனக்குப் பயமில்லை." அப்புறம்தான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இது என்ன, எங்களுக்குமா? எனக்கு எங்க படிக்கத் தெரியுது, நீயே சொல்லேன்."

"சொல்றேம்மா," என்றார். சொல்லாமல் கதவில் பசையைத் தடவினார். தாளை வைத்தபோது அது கோணலாகப் போனது. அவளே ஒரு முனையைப் பிடித்துக் கதவோடு அழுத்திக் கொடுத்தாள்.

"போட்டோவுல நீயும் நிக்கணுமாம்."

"நானுமா? ஐயோ, இருண்ணா."

சேலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு, முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, உத்தரவுக்குப் பக்கத்தில் நேராக நின்றாள்.

"இப்படி நின்னாப் போதுமாண்ணா?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் எடுக்கும் போட்டோவுக்காகச் சிரித்தாள்.