இடக்கை வெட்டு

மனைவி ஆர்டிஸ் இறந்துபோன பிறகு வெர்லின் அந்தச் செடியில் கத்தரிக்கோல் வைக்கவில்லை.

இடுப்புயரம் தாண்டாத குட்டை டாக்வுட். மினசோட்டாக் குளிரில் தோட்டம் முழுக்க வெள்ளையாய்க் கிடக்கும்போது, சமையலறைச் சன்னலுக்கு எதிரே அதன் இலையற்ற தண்டுகள் மட்டும் ரத்தச் சிவப்பாய் நிற்கும். சிவப்பதெல்லாம் இளந்தண்டுதான். அதற்காகவே ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மார்ச்சில், பனி கரையும் முன்பே, ஆர்டிஸ் செடியைக் கணுக்காலளவுக்கு வெட்டிவிடுவாள். கடைசியாக வெட்டிய வருடம், கோடை முடியும் முன் அவளே போய்விட்டாள். அவள் கண் முன்னால் துளிர்த்த கொப்புகள் என்று வெர்லின் அவற்றைத் தொடவில்லை. நான்காவது குளிர்காலத்தில் எல்லாம் பழுப்பேறி, வேலியோரத்துச் சுள்ளி போலாகிவிட்டன.

நவம்பரில் பக்கத்து வீட்டு லவோன் வந்தாள். குளிர்கால அலங்காரமாக ஊசியிலைக் கிளையும் சிவப்புத் தண்டும் வாசல் தொட்டியில் செருகுகிற மாதம் அது. தெருவுக்கே தண்டு கொடுத்தவள் ஆர்டிஸ். இப்போது லவோன் கையில் கடையில் வாங்கிய கட்டு. கேட்காமலே வெர்லின் வாசல் தொட்டியிலும் செருகினாள்.

“எடுத்துரு லவோன். அது அவ செடியில வெட்டினதில்ல.”

“ஒன் செடியில வெட்ட என்ன இருக்கு? வெளக்குமாறு வேணா கட்டலாம்.”

“அவ பாத்து வளந்தது அது.”

“இந்தக் கோலத்துல பாத்தாளா? இருந்திருந்தா ஒன்னையும் சேத்து வெட்டியிருப்பா, கிழவா.”

வெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

மார்ச்சில் ஒரு காலை, கத்தரியோடு பனியில் மண்டியிட்டார். அடியில் கிடந்த பனியைக் கையால் ஒதுக்கியபோது பழைய கட்டைகள் தெரிந்தன. ஆர்டிஸ் இடக்கைக்காரி. அவள் வெட்டிய சரிவெல்லாம் வேலிப் பக்கமே சாய்ந்திருந்தது. இத்தனை வருடம் சன்னலுக்குள்ளிருந்து பார்த்தவருக்கு அது தெரியாது. பழுப்புக் கொப்புகள் எல்லாம் அந்தக் கட்டைகளின் விளிம்பிலிருந்து கிளம்பியவைதாம்.

அவள் வெட்டின் மேல் படாமல், ஒவ்வொரு கொப்பாக நறுக்கினார். வலக்கைக்காரரான அவர் வெட்டு வீட்டுப் பக்கம் சாய்ந்தது. மதியமாகிவிட்டது. சுள்ளிகளை எறிய மனம் வராமல் கார் ஷெட்டில் சாத்தி வைத்தார்.

இரவில் மறுபடி பனி கொட்டியது. காலையில் காபியோடு சன்னலருகே நின்றார். வெளியே ஒரே வெள்ளை. செடி நின்ற இடத்தில் பனி கொஞ்சம் மேடாயிருந்தது, பார்க்கத் தெரிந்தவருக்கு.