ஐம்பத்தேழு திருத்தங்களும் ஒரு கேள்விக்குறியும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஒருவன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பலிகொடுத்து ஒரு கதை எழுதி மனைவி அகல்யாவிடம் கொடுக்கிறான். (மகள் ஸ்நேஹாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே வீட்டில் வேறு வாசகர் கிடையாது.) மனைவி ஐம்பத்தேழு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, ஓர் இடத்தில் மட்டும் ஓரமாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருகிறாள். நன்றாயிருக்கிறது, சுமார், குப்பை, எதுவும் சொல்லவில்லை. இதற்கு எரிச்சல் வராமல் வேறு என்ன வரும்?

எழுதுகிறவன் பெயர் சின்னதுரை. வெளிமாநிலத்தில், போசரியில், பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ள இந்தக் கதையில் அவனுக்கு அனுமதி இல்லை. காரணம் மூன்றாம் பகுதியில் வரும். 'அவர்' என்று போடலாம்தான். ஆனால் தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்வது போலிருக்கும். 'அவன்' போதும்.

அவன் எழுதிப் பார்த்துக் கைவிட்ட ஆரம்பங்கள்:

மகர்பட்டாவின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேல் சூரியன் எழுந்தபோது அகல்யா தன் மடிக்கணினியை— (போசரி வீட்டு ஜன்னலிலிருந்து மகர்பட்டா தெரியாது. எதிர் சொசைட்டிக் குடியிருப்பில் காயும் துணிதான் தெரியும்.)

ஒரு சிறு புள்ளிக்குள் எத்தனை பெரிய உலகம்— (போதும்.)

அகல்யாவுக்கு வேலை போன அன்று— (இது நடந்தது. இதிலிருந்தே தொடங்கலாம்.)

2

அகல்யா மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தாள். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். நேர்முகத் தேர்வுகளுக்குப் போனாள். சொல்லி அனுப்புகிறோம் என்ற யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போதுதான் இதைத் தொடங்கினாள். புரோகிராம் எழுதும் மொழி ஒன்று. உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து பலபேர் ஆசைக்காகச் சேர்ந்து செய்வது. அதன் மூலநிரலுக்குள்ளேயே இது என்ன செய்யும், அது என்ன செய்யாது என்று ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் சொந்த மொழி இல்லை, மீதிப் பேருக்குப் பொறுமை இல்லை. எனவே எங்கு பார்த்தாலும் எழுத்துப்பிழை. அகல்யா தினமும் காலையில் குக்கரை வைத்துவிட்டு உட்கார்ந்து அவற்றைத் திருத்தி அனுப்புவாள். (சம்பளம் உண்டா என்று கேட்காதீர்கள். சின்னதுரை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.)

அங்கே ஒரு வழக்கம் உண்டு.* எழுத்துப்பிழை என்றால் பொறுப்பாளர்களில் ஒருவர் பார்த்துத் தலையாட்டினால் போதும். விளக்கத்தின் பொருளே மாறுகிறதென்றால் இரண்டு பேர் பார்க்க வேண்டும். காலிப் பட்டியலைக் கொடுத்தால் பூஜ்யம் வரும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. உண்மையில் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். ஒன்பது வருடமாக யார் கண்ணிலும் படாத தவறு, அகல்யா கண்ணில் பட்டது. திருத்தி அனுப்பினாள். முதல் ஆள் மறுநாளே ஒப்புக்கொண்டார். இரண்டாவது ஆள் கிடைக்க ஐந்து வாரம் ஆனது.

"புரோகிராம் அது பாட்டுக்கு ஓடுதுல்லா. விளக்கம் எப்படி இருந்தா என்ன?" என்றான் சின்னதுரை.

"அது ஓடும். அதைப் படிச்சு நம்புறவன்லா விழுவான்," என்றாள் அகல்யா.

காலைக் காபியின்போது அன்றைக்குப் பிடித்த பிழையை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். பிழைகளைத் தவிர்ப்பது எப்படி என்ற பத்தியில் மட்டும் ஆறு பிழைகள் இருந்தன. இருவரும் காபி புரையேறச் சிரித்தார்கள். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு, வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். சின்னதுரை அதைக் கவனிக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. பிழைகள் தீர்ந்துவிட்டன போலும் என்று நினைத்தான். (தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவன்.)

அந்தக் காலைகள் அவனுக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் அவளை வைத்துக் கதை எழுதினான். பத்திரிகைக்கும் இருபதாம் தேதிக்குள் தருவதாகச் சொல்லித் தொலைத்துவிட்டான். அகல்யா சரி என்றால் கதை போகும், இல்லாவிட்டால் போகாது.

* இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வேறு முடிச்சு எதுவும் கிடையாது.

3

முதல் பிரதியில் அந்த ஞாயிறு இப்படி இருந்தது:

'இத்தனை சிறிய திருத்தங்களை அனுப்பி எங்கள் நேரத்தை எடுக்காதீர்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஜான் வீட்டு விருந்துக்கு நடுவே செல்பேசியில் அதைப் படித்த அகல்யாவின் கண்கள் குளமாயின. கணவன் அவள் தோளைத் தொட்டு, உன் உழைப்பு வீண்போகாது என்றான்.'

இந்தக் கடைசி வரிக்கு எதிரேதான் கேள்விக்குறி.

இது என்ன என்று கேட்டான். கேள்விக்குறி என்றாள். அது தெரிகிறது, எதற்கு என்றான். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். சின்னதுரை அந்த வரியில் தோளை எடுத்துவிட்டுக் கையைப் பற்றினான். கேள்விக்குறி போகவில்லை. குளத்தை எடுத்தான். போகவில்லை. கணவனை ஒரு வார்த்தையும் பேசாமல் சும்மா நிற்கவைத்துப் பார்த்தான். அப்போதும் அது அங்கேயே இருந்தது.

இரண்டாம் பிரதியில் எழுதினான்: 'நான் ஏதோ விளையாட்டாகச் சொல்லப்போக, அவள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டாள்.'

இப்போது இரண்டு கேள்விக்குறிகள். சின்னதுரைக்குப் பொறுமை போயிற்று. ஒரு மனுஷன் இதற்கு மேல் எப்படித்தான் எழுதுவது என்று கத்திவிட்டான். அகல்யா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"நீங்க நான்னு எழுதுனா நல்லவராயிருதீங்க. அவன்னு எழுதிப் பாருங்க."

காரணம் அதுதான்.

4

தேஹு ரோட்டில் ஜான் வீடு. படைக்கலக் கிடங்கில் வேலை பார்க்கிற ஜான், சின்னதுரைக்குக் கோவில்பட்டியிலிருந்தே பழக்கம். மத்தியானச் சாப்பாடு, மீன் குழம்பு. ஜானின் மனைவி தீபா, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அகல்யாவிடம் கேட்டாள்.

அன்று எதுவும் திரும்பி வரவில்லை. அது முதல் பிரதியில் சின்னதுரை சொன்ன பொய். அன்று காலைதான் அந்த இரண்டாவது ஆள் பார்த்து, ஒன்பது வருடத் தவறு திருத்தப்பட்டிருந்தது. மொழிக்குப் பங்களித்தவர்கள் பட்டியலில் அகல்யாவின் பெயர் முதல்முறையாக வந்திருந்தது. அதைத் தீபாவிடம் காட்டத்தான் செல்பேசியைக் கையில் எடுத்தாள்.

சின்னதுரை வாயில் சோற்றோடு சொன்னான்: "வேலை போனதுல இருந்து இவளுக்கு இதான் சோலி. எவனோ வைக்காம விட்ட புள்ளியை எல்லாம் தேடித்தேடி வச்சுக்கிட்டிருக்கா."

ஜான் சிரித்தார். தீபாவும் சிரித்தாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சின்னதுரை இன்னும் கொஞ்சம் சிரித்தான். அகல்யா செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. அவள் தோளை யாரும் தொடவில்லை. குழம்பு நன்றாயிருக்கிறது என்று தீபாவிடம் சொன்னாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஏழு பேர். பேச வசதியில்லை என்று சின்னதுரை தனக்குச் சொல்லிக்கொண்டான். வீட்டில் வசதி இருந்தது. அங்கேயும் பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னான் என்றால்— (அவனுடைய வேறொரு கதை மூன்று பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்த மாதம் அது. அவள் பெயர் ஒரு பட்டியலில் வந்திருந்தது. இதை வைப்பதா அடிப்பதா என்று நான்கு நாள் யோசித்தான். இருக்கட்டும்.)

5

முடிவுகளும் எழுதிப் பார்த்தான்.

அகல்யாவுக்கு மகர்பட்டாவிலேயே மறுபடி வேலை— (கிடைக்கவில்லை.)

சின்னதுரையும் அவளருகே உட்கார்ந்து பிழை திருத்தத் தொடங்குகிறான்— (ஐம்பத்தேழு.)

சின்னதுரை மன்னிப்புக் கேட்கிறான், அவள் சிரித்து— (கேட்டான். அவள் சிரிக்கவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். இன்று காலை மூன்றாம் பிரதியின் முதல் நான்கு பகுதிகளைக் கொடுத்தான். அகல்யா படித்தாள். நான்காம் பகுதியை இரண்டு தரம் படித்தாள். அதில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினாள். கேள்விக்குறி போடவில்லை. தப்புதான், மன்னித்துவிடு என்றான். அவள் காகிதங்களை அடுக்கி மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப அனுப்பிரட்டுமா?" என்றான்.

"பொருளே மாறியிருக்கே. நான் பாத்துட்டேன். இன்னொரு ஆளும் பாக்கணும்."

எந்த ஆள் என்று கேட்டான். படிக்கிறவர்கள்தான், உங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

ஆகவே கதை, முடிவு இல்லாமல், உங்களிடம் வந்திருக்கிறது. இங்கே மேஜையில் இரண்டு டம்ளர் காபி இருக்கிறது. அகல்யா மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ ஒரு பிழையைப் பார்த்து அவள் உதடு லேசாகக் கோணியதைச் சின்னதுரை பார்த்தான். அவள் அதை வாசித்துக் காட்டவில்லை. இவன் கேட்கவும் இல்லை. எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான்.

எழுத்துப்பிழைகளை நீங்கள் பார்க்க வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது. நான்காம் பகுதிக்கு மட்டும் ஒருமுறை திரும்பிப் போங்கள். எந்த வரியிலாவது சின்னதுரை நல்லவனாகியிருந்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.